குழாயில் கேட்ட இரண்டு தட்டு

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன். அழுவதெல்லாம் பிறகு.

கண்டியில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கையில் முதல் மைக்செட் கடையைப் போட்டவன் நான். எங்கள் தோட்டத்து ஆட்களுக்குக் குடியுரிமைக் கடுதாசி இல்லாத காலம் அது. என் பெயரில் கடையை எழுதித் தர ஒருத்தரும் துணியவில்லை. ஆனாலும் போட்டேன். குப்பையில் கிடந்த மூன்று வால்வு ரேடியோக்களைப் பிரித்து ஒரு அம்ப்ளிபயர் செய்தேன். அது பதினோரு வருடம் பாடியது. வெளிநாட்டு ஹோர்ன் வாங்க வழியில்லாததால் தகரத்தை வளைத்து நானே ஹோர்ன் செய்தேன். ஹுன்னஸ்கிரியவிலிருந்து கம்பளை வரைக்கும் கோயில், பள்ளிவாசல், பன்சலை, மாதா கோயில் என்று என் ஹோர்ன் ஏறாத இடம் இருந்தால் காட்டுங்கள். கெலிஓயாவில் இரண்டு தட்டு மாடி வீடு கட்டினேன். அத்திவாரக் கல்லில் பாதி என் தோளில் வந்தது. மூன்று பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். கடைசி மகள் இன்றைக்கு விஞ்ஞான டீச்சர். இத்தனையும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது. பெருமை பேசுகிறான் கிழவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்காகப் பேச வேறு ஆள் இருந்ததில்லை.

போன மாதம் அந்த மகள் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக அச்சடித்த பாடக் குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். தலைப்பு ‘ஒலி’. யார் எழுதியது என்று அவளுக்கும் தெரியவில்லை. அதில் மூன்று வரி எங்கள் மண்சரிவைப் பற்றியது. ஒலி திண்மங்களில் வேகமாகச் செல்லும், அதற்கு உதாரணமாக மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மண்ணுக்குள் சிக்கிய பெண்ணை மீட்புக் குழுவினர் நீர்க்குழாயின் ஒலியைக் கொண்டு கண்டுபிடித்தனர் என்று இருந்தது.

மூன்று வரியையும் நான்கு தரம் வாசிக்கச் சொன்னேன். என்னைக் காணவில்லை. மண்ணுக்குள்ளிருந்து குழாயைத் தட்டிய மனுஷியையும் காணவில்லை. குழாய் தானாகவே சத்தம் போட்ட மாதிரி எழுதியிருந்தார்கள்.

சத்தம் தானாக வராது. அதை எனக்கு எட்டு வயதில் படிப்பித்தார்கள். நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் எண்ணுகிற இடத்துக்கு, கூப்பிடத் தப்படிப்பார்கள். ஒருநாள் அடிக்கும்போதே தப்பின் தோலில் விரலை வைத்துப் பார்த்தேன். விரல் கூசியது. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். சத்தம் செத்துப்போனது. தப்புக்காரர் குச்சியாலேயே என் முதுகில் ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஏதாவது ஒன்று அதிர வேண்டும், அந்த அதிர்வைச் சுமந்துவர நடுவில் காற்றோ தண்ணீரோ இரும்போ இருக்க வேண்டும், அப்போதுதான் சத்தம். நான் ஓர் அடியில் படித்ததைப் பாடக் குறிப்பு ஒன்றரைப் பக்கத்துக்குச் சொல்கிறது.

இனி அந்தத் தோட்டத்துக்கு வருகிறேன். என் ஒரே தங்கச்சியை அங்கேதான் கட்டிக் கொடுத்தோம். பத்துக் காம்பரா, அதாவது பத்துச் சிறு வீடுகள், ஒரே வரிசையில் ஒட்டிய லயத்தில் கடைசிக் காம்பரா அவளுடையது. மேலே மலையில் தண்ணீர்த் தாங்கி. அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் முதல் காம்பரா பக்கமாக இறங்கி, லயத்தின் பின்பக்கமாக, சமைக்கிற குசினிகளின் சுவர்களை ஒட்டி ஓடும். காலையிலும் பின்னேரமும்தான் தண்ணீர் திறப்பார்கள். காற்று பலமாக வீசும் இடம், கீழிருந்து கத்தினால் மேலே கேட்காது. அதனால் லயத்துப் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அம்மிக் குழவியால் குழாயில் இரண்டு தட்டு தட்டினால் ‘தண்ணியைத் திற’, மூன்று தட்டினால் ‘மூடு’. இரும்புக்குள் சத்தம் காற்றில் போவதைப்போலப் பதினைந்து மடங்கு வேகமாகப் போகும் என்று பிற்பாடு மகள் சொன்னாள். அந்தப் பெண்களுக்கு மடங்குக் கணக்குத் தெரியாது. மேலே கேட்கும் என்பது மட்டும் தெரியும்.

அதில் முந்திக்கொண்டு தட்டுவது என் தங்கச்சியின் மாமியார். எனக்கும் அத்தை முறை. நேரத்துக்கு அரை மணி முன்பே தொடங்கிவிடுவார். தண்ணீர் திறக்கிற ஆளுக்கும் அவருக்கும் தினமும் வாய்ச்சண்டை.

“ஆத்தா, ஒங்க குழவி தேஞ்சு குச்சியாப் போவப்போவுது.”

“நீ முழிச்சிருந்தா நா ஏண்டா தட்டுறேன்? ஒன்னய எழுப்பவே தனியா ஒரு குழவி வாங்கணும்டா எனக்கு.”

இதைக் கேட்டு லயமே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

மழைக்காலம். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. எதிர்மேட்டுக் கோயிலில் மறுநாள் ஒரு கல்யாணம், மைக்செட் என்னுடையது. மூன்று நாள் விடாமல் பெய்த மழை மத்தியானத்துக்குக் கொஞ்சம் விட்டது. நான் சவுக்கு மரத்தின் மேலே ஏறி ஹோர்ன் கட்டிக்கொண்டிருந்தேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சியின் லயம். கம்பியை முறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். லயத்துக்கு மேலே இருந்த தேயிலை மலை அசைந்தது.

சத்தமே இல்லை. பச்சை வரிசை வரிசையாகக் கீழே இறங்கியது, நடுவே சிவப்பாகப் பிளந்தது. கடைசி மூன்று காம்பராக்களின் கூரைகள் மடங்கின. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம் கழித்துத்தான் சத்தம் வந்து என் மரத்தை ஆட்டியது. பார்வைக்கு வருவது உடனே வரும். சத்தம் நடந்து வர வேண்டும், ஒரு விநாடிக்கு முன்னூற்று நாற்பது மீட்டர்தான் அதன் நடை. அந்த இரண்டு விநாடிதான் என் தங்கச்சிக்கும் எனக்கும் நடுவே இருந்த தூரம். அவள் அன்று காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். காலையில் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. உள்ளங்கைத் தோல் மரத்திலேயே போயிற்று. வெறுங்கையோடு ஓடியிருக்க வேண்டியவன் நான். ஓடவில்லை. அம்ப்ளிபயரையும் லொறி பெட்டரியையும் இரண்டு ஹோர்னையும் கோயிலில் நின்றவர்களை ஆளுக்கொன்றாகத் தூக்கச் சொன்னேன். என்னிடம் இருக்கும் பெரிய ஆயுதம் சத்தம்தானே என்று நினைத்தேன். பத்து ஊருக்குக் கேட்கிறது, பத்தடி மண்ணுக்குக் கேட்காதா?

அங்கே போனபோது ஆட்கள் மலையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள். மடங்கிய மூன்றில் முதல் இரண்டு காம்பராக்களில் ஆள் இல்லை, எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். கடைசிக் காம்பராவில்தான் என் தங்கச்சியும் அத்தையும். மச்சான், அதாவது தங்கச்சி புருஷன், கொழுந்துச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே கையால் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தான். தோட்டத்து உதவி மனேஜரான சின்னத்தொரை ஆட்களை வாசல் பக்கமாக வெட்டச் சொன்னார்.

நான் ஹோர்ன் இரண்டையும் மண்ணைப் பார்த்து நிறுத்தி, வொலியூமை முழுசாகத் திருப்பினேன்.

“அண்ணன் வந்துட்டேன்! கேக்குதா? தங்கச்சீ!”

மலை முழுக்க என் குரல். நிறுத்தினேன். நான்கு எண்ணுகிற நேரத்தில் மெலிசாக, இழுத்தாற்போல, ஒரு “ஈ…” வந்தது.

“பதில் சொல்றா!” என்று கத்தினேன். “கேட்டீங்களா எல்லாரும்? பதில் சொல்றா!”

பெண்கள் ஓவென்று அழுதார்கள். வெட்டுகிறவர்கள் இன்னும் வேகமாக வெட்டினார்கள். நான் மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அந்த “ஈ…” வந்தது. அவள் குரல்தான் என்று என் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.

அது என் குரல். மண்ணில் மோதித் திரும்பி, பள்ளத்தைத் தாண்டிப் போய், எதிர்மேட்டில் முட்டி வந்த எதிரொலி. போக இரண்டு, வர இரண்டு. ஒரு மணி நேரத்துக்கு முன் மரத்தின் மேலிருந்து அந்த இரண்டை எண்ணியவனே நான்தான். கூட்டத் தெரியவில்லையா என்று கேட்டால், தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

காற்றில் போகிற சத்தம் ஈரமண்ணில் பட்டால் பெரும்பங்கு அப்படியே திரும்பிவிடும். கொஞ்சம் உள்ளே நுழைவதையும் மண் தின்றுவிடும். எத்தனை பெரிய ஹோர்ன் வைத்தாலும் அதே கதைதான். நான் மண்ணோடு பேசவில்லை, எதிர்மேட்டோடு பேசிக்கொண்டிருந்தேன்.

மச்சான் சேறு வழிய எழுந்து வந்தான். “மச்சான், அத நிப்பாட்டுங்க. ஒங்க சத்தத்துல ஒண்ணுமே கேக்கல.”

“பதில் வந்துக்கிட்டு இருக்கு. நிப்பாட்டச் சொல்றியே, ஒனக்கென்னா தெரியும்?”

“எங்கம்மா உள்ள இருக்காங்க மச்சான்.”

“எந்தங்கச்சி இல்லையா? போய் வெட்டு!”

அப்படித்தான் சொன்னேன். மாற்றி எழுதலாம், மாற்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் திறக்கிற ஆள் மேலேயிருந்து ஓடிவந்து என் முன்னால் நின்று வாயை அசைத்தார். ஹோர்ன் அலறலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. மைக்கில் பேசக் கேட்கிறார் என்று நினைத்தேன். என் மைக்கை வேறு யாரும் தொட விடமாட்டேன், அது என் தொழில் ரோசம். கையால் விரட்டினேன். அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, மறுபடியும் மேலே ஏறிப்போனார்.

இரண்டாம் தரம் வந்தபோது நேரே பெட்டரியிடம் போய் வயரைப் பிடுங்கினார். மலை திடீரென்று அமைதியானது. மறுபடி பிடித்த மழை மட்டும் தகரங்களில் விழுந்தது.

“யோவ்!” என்று பாய்ந்தேன்.

“குழாயத் தட்டுறாங்கய்யா!” அவர் அழுதுகொண்டிருந்தார். “தண்ணி மண்ணுக்குள்ள கசியக் கூடாதுன்னு வால்வ இறுக்கப் போனேன். வால்வுல கைய வச்சா உதறுது. ரெண்டு ரெண்டாத் தட்டுறாங்க. முந்தியே வந்து சொன்னேன், நீங்க வெரட்டிட்டீங்க. இப்பவும் போய்ப் பாத்தேன், இன்னும் தட்டுறாங்க.”

மச்சான் சேற்றில் அப்படியே உட்கார்ந்தான். “எங்கம்மா,” என்றான். “தண்ணி கேக்குறாங்க.”

சின்னத்தொரை குறுக்கே வந்தார். “அது குழாயில தண்ணி அடிக்கிற சத்தம். வேலைய நிப்பாட்ட வேணாம்.”

“தண்ணி ரெண்டு ரெண்டா எண்ணுமா தொரை?” என்று கேட்டேன். அன்று நான் பேசியதில் புத்தியுள்ள முதல் பேச்சு அதுதான். அதற்குள் இரண்டு மணி நேரம் போயிருந்தது.

இனிச் செய்தது என் மூளை. இதை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது. ஒரு ஹோர்னின் யூனிட்டைக் கழற்றினேன். ஹோர்னின் அடியில் உருண்டையாக இருப்பதுதான் யூனிட். உள்ளே மெல்லிய தகடு, அதோடு ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றிக் காந்தம். மின்சாரம் வந்தால் தகடு அதிர்ந்து சத்தம் போடும். தகட்டைச் சத்தம் அதிர வைத்தால் அதுவே திருப்பி மின்சாரம் தரும். பேசுகிற பெட்டி கேட்கவும் செய்யும். கடையில் ஒருநாள் ஹோர்ன் வயரைத் தவறுதலாக மைக் துளையில் சொருகி, என் இருமலை அடுத்த ஹோர்னில் கேட்டு, பேய் என்று பயந்து, பிறகு தெரிந்துகொண்டது. எந்தப் பாடசாலையும் எனக்குச் சொல்லவில்லை.

பெட்டரி வயரைத் திரும்ப மாட்டி, யூனிட்டை மைக் துளையில் கொடுத்தேன். கேட்பதற்குப் பழைய டெலிபோன் காதுத்துண்டு ஒன்று என் பெட்டியில் எப்போதும் கிடக்கும். மண்ணுக்குள் குழாய் எங்கே போகிறது என்று தண்ணீர் திறக்கிறவர் கயிறு பிடித்துக் காட்டினார். அந்தக் கோட்டில் ஆறடிக்கு ஓர் அலவாங்கு, அதாவது கடப்பாரை, குழாயின் இரும்பில் முட்டும்வரை இறக்கச் சொன்னேன். ஐந்து அலவாங்கு. பிறகு எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன். மைக் இல்லாமல், வெறும் வாயால்.

“யாரும் அசையாதீங்க. அழாதீங்க. மூச்சக் கூட மெதுவா விடுங்க.”

இருநூறு பேர் இருப்பார்கள். ஒரு கிழவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சின்னத்தொரை தொப்பியைக் கழற்றினார், மழை அதில் விழுந்து சத்தம் போடுகிறதென்று.

முதல் அலவாங்கில் யூனிட்டை அழுத்தினேன். இரைச்சல். அதற்குள்ளே, ஊசி முனை அளவுக்கு, டிக் டிக். இரண்டாவதில் கொஞ்சம் கூட. மூன்றாவதில் இன்னும் கூட. நான்காவதில் என் காதுக்குள்ளேயே தட்டினாற்போல, டங் டங். ஐந்தாவதில் குறைந்தது. நான்காவதுக்குத் திரும்பி வந்து, ஒரு கல்லால் அலவாங்கில் இரண்டு தட்டினேன். பொறுத்தேன். இரண்டு திரும்பி வந்தது.

இந்தத் தரம் நான்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. எதிரொலி இல்லை இது.

“குசினியில இருக்காங்க! வாசல்ல இல்ல, பின்னாலக் குசினி! இங்க வெட்டுங்க!”

அதுவரைக்கும் நாங்கள் தோண்டியது முப்பதடி தள்ளி. அத்தனை பேரும் இந்தப் பக்கம் விழுந்தார்கள். மண்வெட்டி படும் பயத்தில் கடைசி ஆழத்தைத் தகரத் துண்டாலும் கையாலும் அள்ளினார்கள். நான் காதுத்துண்டை எடுக்கவில்லை. இரண்டு தட்டு வந்தது. வெகுநேரம் கழித்து இன்னும் இரண்டு. அதற்குப் பிறகு ஒன்று மட்டும் வந்தது. அதன் ஜோடிக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

“என்னா மச்சான்?” மச்சான் பள்ளத்துக்குள்ளிருந்து என் முகத்தைப் பார்த்தான். “தட்டுறாங்களா?”

“தட்டுறாங்க,” என்றேன். “வெட்டு.”

வாழ்க்கையில் பொய் சொல்லியிருக்கிறேன், வியாபாரி நான். அதைப்போல ஒன்று சொன்னதில்லை. காதுத்துண்டில் அம்ப்ளிபயரின் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. இன்றைக்கும் ரேடியோவில் நிலையம் பிடிக்காத இரைச்சல் வந்தால் எழுந்து போய் நிறுத்திவிடுவேன்.

வெளிச்சம் மங்குவதற்கு முன் என் தங்கச்சியின் கால் தெரிந்தது. கூரை மரம் ஒன்று அடுப்பின் மேல் சாய்ந்து, அதன் கீழே ஒரு பொந்து போல இடம். கை நசுங்கி மரத்துக்கடியில். ஆனால் உயிர் இருந்தது. பக்கத்தில் சுவரோடு சாய்ந்தபடி அத்தை. மடியில் அம்மிக் குழவி. உடம்பில் சூடு இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

வெளியே எடுப்பதற்கு எவ்வளவு நேரத்துக்கு முன் அத்தையின் உயிர் போனது என்று ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் கேட்டேன். சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை. அரை மணிக்கு மேல் இருக்காது என்றார். காற்றுப் போதாமல்.

அரை மணி. நான் எதிர்மேட்டோடு பேசியது இரண்டு மணி.

தங்கச்சிக்குப் பேச்சு வந்தபோது முதலில் கேட்டேன். “நா கத்துனது கேட்டிச்சாம்மா?”

“இல்லண்ணே. ஒண்ணும் கேக்கல. இருட்டுதான். அத்தை மொதல்லருந்தே தட்டிக்கிட்டிருந்தாங்க, எனக்குக் கைய எடுக்க முடியல. கடைசியா மேல ரெண்டு தட்டு கேட்டிச்சு பாருங்க, அத்தை சிரிச்சாங்கண்ணே. ‘தண்ணிக்காரப் பய முழிச்சுக்கிட்டான்டி’ன்னாங்க.”

நான் வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன்.

மச்சான் பதினாறாம் நாள் சடங்கு முடிந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “ஒங்களாலதான் அவ வந்தா,” என்றான். பிறகு, “எங்கம்மாவும் வந்திருப்பாங்க,” என்றான். அதற்குப் பிறகு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்தான் போனான். அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் மறுபடி எடுத்ததில்லை.

மண் சரிந்த மறுநாள் காலையில்தான் ஜீப்புகள் வந்தன. காதில் மாட்டுகிற கருவியோடு இரண்டு அதிகாரிகள் நான் தோண்ட வைத்த குழிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என் அலவாங்குகள் ஐந்தும் படத்தில் இருக்கின்றன. அந்தப் படத்திலிருந்துதான் பேப்பர்க்காரன் எழுதினான், பேப்பரிலிருந்துதான் பாடக் குறிப்புக்காரர் எழுதியிருப்பார். அவரை நான் திட்டவில்லை. அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. நானும் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இரண்டு மணி நேரத்தையும் சொல்ல வேண்டி வரும் என்ற பயம்.

“அப்பா, ஒங்க பங்க மட்டும் எழுதிக் குடுங்க, நான் அனுப்புறேன்,” என்றாள் மகள். “அந்த ரெண்டு மணித்தியாலம் பாடத்துக்குத் தேவையில்ல.”

அவள் டீச்சர். இந்த விஷயத்தில் அவள் சொல்வது பிழை. அந்த இரண்டு மணி நேரம்தான் பாடமே.

ஆகையால் அந்தக் குறிப்பை எழுதியவருக்கு இதைச் சொல்கிறேன். அடுத்த தரம் அச்சடிக்கும்போது மூன்று வரியைக் கொஞ்சம் நீட்டுங்கள். லயத்தில் ஒரு மாமியார் அம்மிக் குழவியால் குழாயைத் தட்டினார் என்று முதலில் போடுங்கள். தண்ணீர் திறக்கிறவர் அதைக் கையால் கேட்டார் என்று அடுத்ததாகப் போடுங்கள். பிறகு என்னைப் போடுங்கள். பெயர் வேண்டாம், ‘மைக்செட்காரர் ஒருவர்’ என்றால் போதும், கண்டியில் எல்லோருக்கும் விளங்கும். ஹோர்ன் வைத்து இரண்டு மணி நேரம் கத்தி அந்தத் தட்டலை அமுக்கியவர் அவர். அதே ஹோர்னைக் கழற்றிக் காதாக்கி, மண்ணுக்குள் இடத்தைக் காட்டியவரும் அவர்தான். அதை ஜீப்பில் வந்தவர்கள் செய்யவில்லை. நான் செய்தேன். இரண்டையும் நான்தான் செய்தேன், இரண்டையும் என் கணக்கிலேயே எழுதுங்கள்.